பந்தலின் பாதி

சென் ஜேம்ஸ் ரவுண் என்ற குடியிருப்பின் அடுக்குமாடிகளுக்கு நடுவே உள்ள பூங்காவுக்கு ஒரு நிழற்பந்தல் கேட்டிருந்தார்கள். வளைந்து வளைந்து போகும் பந்தல், வரிசையாக மரத்தூண்கள். மிசிசாகா அலுவலகமொன்றில் கட்டடக்கலைஞராக இருந்த கஜனி அதைக் கணினியில் வரைந்தாள். தூண்களைச் சம இடைவெளியில் வைத்ததாகத்தான் நினைத்தாள். திரையிலோ, வளைவு இறுகிய இடத்தில் தூண்கள் பஸ்சுக்கு நிற்கும் சனம்போல நெருக்கியடித்தன. நீண்டு ஓடிய இடத்தில் லொறியே நுழையலாம்.

"கையால நகர்த்தி விடும். நாளைக்குக் கூட்டம்," என்றார் மேலாளர் அருள்நாயகம்.

அவளோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்த யூஜினி, பக்கத்து மேசையிலிருந்து கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள். திரையில் தூண்கள் நெருங்கி நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"நடுத்தூண் வைக்க, பந்தலின்ர பாதி எதெண்டு எப்படிக் கண்டுபிடிச்சனீர்?"

"கணினி இந்தக் கோட்டின்ர ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் குடுக்குது. அந்த டொமெய்ன் பூச்சியத்திலயிருந்து ஒண்டு வரைக்கும். அப்ப பாதி எண்டால் அரை."

"காலமை ஸ்காபரோவில இருந்து இங்க வர உமக்கு ஒரு மணித்தியாலம். அரை மணித்தியாலத்தில பாதித் தூரம் வந்திடுவீரோ?"

"எங்க? ஹைவேயில ஊர்ந்துகொண்டிருப்பன்."

"உதுதான். டொமெய்ன் நேரம் மாதிரி. எந்த நேரத்தில கார் எங்க நிக்குதெண்டு சொல்லும், எவ்வளவு தூரம் ஓடினதெண்டு சொல்லாது. நீர் நேரத்தைச் சமனாப் பிரிச்சிருக்கிறீர். நீளத்தைப் பிரியும்."

கஜனி கோட்டின் முழு நீளத்தை எடுத்துச் சமமாகப் பிரித்தாள். தூண்கள் விலகி ஒழுங்காக நின்றன.

மறுநாள் கூட்டத்தில் குடியிருப்பாளர் சார்பில் வந்த யோகமலர், "பந்தல் போற வழியில பெரிய மரத்தின்ர வேர் கிடக்கு. விலத்தி வளைக்கேலுமோ?" என்று கேட்டார். கஜனி அங்கேயே கணினியில் கோட்டை இழுத்து வளைத்தாள். தூண்கள் எல்லாம் தாமாகவே நகர்ந்து, மறுபடி சம இடைவெளியில் நின்றன. கையால் வைத்திருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். யோகமலர் அந்த இடத்திலேயே சம்மதம் சொன்னார். அருள்நாயகம் கஜனியைப் பாராட்டினார்.

"பிழையைப் பிடிச்சது யூஜினி," என்றாள் கஜனி.

திரும்பும் வழியில் காரில் யூஜினியிடம், "உமக்கு உது முந்தியே தெரியுமோ?" என்று கேட்டாள்.

"இல்லை. தூண்கள் நெருங்கி நிண்டதைப் பார்க்க, இதில ஏதோ மெதுவா ஓடுது எண்டு நினைச்சன். அவ்வளவுதான்."

கஜனி தானும் அதே திரையைத்தான் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்; அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. யூஜினியோ மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்தலாம் என்று வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கஜனிக்கு அவளைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்போல இருந்தது.