மத்திக்கூடை வெள்ளோட்டம்

அந்தச் சிவப்பு ஜாவா மோட்டார் சைக்கிளைப் பார்த்ததிலிருந்து தணிகைவேலுக்குச் சோறு இறங்கவில்லை. மீன் ஏற்ற ஒரு மொபெட் போதும் என்று மனைவி சாந்தா சொல்லிப் பார்த்தாள். அவனுக்குப் பறக்க வேண்டும். ஆனால் வண்டிக்காரர், கல்பாக்கத்து என்ஜினியர் ராமானுஜம் சொன்ன விலையில், கடப்பாக்கத்து மீன் வியாபாரிக்கு முன்சக்கரம்தான் கட்டுப்படியாகும்.

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுப்பா," என்றார் ராமானுஜம்.

"சும்மா ஓட்டுனா இன்னா சாரு தெரியும்? சுமையோட பாக்கணும்," என்றாள் சாந்தா. கட்டுமரமோ மாட்டுவண்டியோ, சுமை ஏற்றிப் பார்க்காமல் அவள் வீட்டில் எதையும் வாங்கியதில்லை. மத்திக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மாமல்லபுரம் வரை பறந்துவிட்டுத் திரும்பினார்கள். வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் மீன் தண்ணீர் சீட்டில் இறங்கியது தணிகைவேலுக்குத் தெரியாது. வண்டி நின்றதும் தெருப்பூனைகள் வந்து சூழ்ந்துகொண்டன. ஜென்மத்தில் மீன் தொடாத ராமானுஜம் வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, இதை இனிமே எவன் வாங்குவான்? பாதி விலைக்கு நீயே எடுத்துண்டு போ!"

தணிகைவேல் தலையாட்டப் போனான். சாந்தா அவன் காலை மிதித்தாள். பிறகு குனிந்து சீட்டை மோந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"பாதியா? இன்னா சாரு, வண்டி இந்த நாத்தம் நாறுது. இன்னும் கொஞ்சம் கொறச்சிக்குங்க."