நான் இனிமே

1

இந்தக் கதை என்னுடையதல்ல, சுட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

என் மின்னஞ்சல் என் சொந்த சர்வரில்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. என் எழுத்தை யாரோ ஒரு நிறுவனத்தின் கிட்டங்கியில் வைப்பானேன் என்ற வீராப்பு. கணினி பழுதுபார்க்கும் ஒருவரை வரவழைத்தேன். அவர் ஒரு பழைய மடிக்கணினியை பீரோ மேல் ஏற்றி, வேண்டியதை எல்லாம் அதில் நிறுவி, எங்கிருந்தும் உலாவியில் திறக்கும்படி ஒரு பக்கம் அமைத்துக் கொடுத்தார். இடப்பக்கம் வந்தவை, அனுப்பியவை, வரைவு, குப்பை. சோதனைக்கு எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அது வந்துசேரக் காத்திருந்தபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"எங்க அக்கா ஒரு மெயில் போட்டாங்க மேடம். பாதிதான் படிச்சேன். அதுக்குள்ள அக்கவுண்ட்டைப் பூட்டிட்டாங்க."

"மீதி?"

சோதனை மின்னஞ்சல் வந்துவிட்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் திருடியது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"பூட்டிய அஞ்சல்பெட்டியின் முன் அவன் ஒரு யுகமாக" (வேண்டாம். யுகமாக உட்கார்ந்தால் முதுகு போய்விடும்.)

"அக்கா வீட்டைவிட்டுப் போன அன்று மழை" (எல்லாக் கதையிலும் அன்று மழைதான். வெயிலில் யாரும் வீட்டைவிட்டுப் போவதே இல்லையா?)

"தம்பி, அம்மாகிட்ட சொல்லிடு. நான் இனிமே"

இது நிற்கட்டும். அவனுக்கும் தம்பி என்றே பெயர் இருக்கட்டும். கைபேசியின் உச்சியில் ஒரு நொடி எட்டிப்பார்த்த அறிவிப்பு இது. அதற்குமேல் இடமில்லாமல் வெட்டுப்பட்டுவிட்டது. தம்பி தொட்டுத் திறக்கிறான். அவனுடையது புதுக் கைபேசி, புது எண். அஞ்சல் நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கணக்கைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கான ரகசிய எண்ணை அவனிடம் இப்போது இல்லாத பழைய கைபேசி எண்ணுக்கே அனுப்பியது. அவன் முறையிட்டான். ஆளே இல்லாத இடத்தில் எவ்வளவு முறையிட்டு என்ன?

"யாருடா, அக்காவா? என்ன எழுதியிருக்கா?" என்றாள் அம்மா.

உண்மையைச் சொல்கிறான் என்று எழுதிப் பார்த்தேன். கதை அங்கேயே படுத்துவிட்டது. ஒன்றும் வரவில்லை என்று சொல்ல வைத்தேன். அம்மாதான் கைபேசி மணி ஒலித்ததைக் கேட்டுவிட்டாளே. கடைசியில் தம்பியே அந்த வாக்கியத்தை முடித்துவைத்தான்.

"இனிமே அடிக்கடி எழுதறேன்னு எழுதியிருக்காம்மா."

3

* அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது, மேலே வந்துவிட்டது: அக்கா யாரையோ நம்பி வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது அம்மா, "போறவ போ, திரும்பிப் பாக்காதே" என்று சொல்லிவிட்டாள். அதுவரை அம்மா பேச்சை ஒருநாளும் கேட்காதவள், அந்த ஒரு பேச்சை மட்டும் தட்டவில்லை. எப்போதாவது தம்பிக்கு ஒரு மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான்.

இதுவரை படித்த என் வீட்டுக்காரர், "போன் பண்ண வேண்டியதுதானே?" என்றார்.

"நம்பர் கொடுக்கல."

"யாரு, அவளா? நீயா?"

இரண்டு பேரும்தான்.

4

தம்பி தன் வீட்டு பீரோ மேல் சொந்தமாக சர்வர் அமைத்தது கோபத்தில். இனி என் பெட்டியை எவனும் பூட்டக்கூடாது என்று. அம்மாவுக்கு ஒரு முகவரி உண்டாக்கினான். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும் என்பதால் பொத்தான்களை எல்லாம் தமிழில் மாற்றினான். அக்காவின் முகவரி அவனுக்கு மனப்பாடம். அம்மா சொல்லச் சொல்லத் தட்டினான்.

"சாப்பிட்டியான்னு போடு."

"அங்க இப்ப என்ன நேரமோ."

"எந்த நேரமா இருந்தா என்ன? போடு."

"அப்புறம்?"

"நான் சொன்னதை மனசுல வச்சுக்காதேன்னு போடு. வேணாம், அதை அழிச்சிடு. உடம்பைப் பாத்துக்கன்னு போடு."

"சரி, அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டியா?"

"நீதானேம்மா சொன்னே."

"போடுடா அதை."

'அனுப்பு' என்ற பொத்தானை அம்மாவே அழுத்தினாள். மறுநாளிலிருந்து அவள் கை 'புதுப்பி' என்ற பொத்தானிலேயே இருந்தது. காய் நறுக்கிவிட்டு வந்து அழுத்துவாள். துணி காயப்போட்டுவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அழுத்துவாள்.

"பத்து தடவை புதுப்பிச்சுட்டேன்டா. எல்லாம் பழசாவே இருக்கு."

(இந்த வரியை எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பப் படித்தபோது வரவில்லை.)

5

நம் வீடுகளில் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்பார்கள். தட்டியவர் பெயர் சொல்லமாட்டார். "நான்தான்" என்பார். அது பதிலே இல்லை, ஆனாலும் கதவு திறக்கும். குரல் தெரியுமல்லவா.

சர்வர்களுக்கும் இதே வழக்கம்தான். ஒன்று போய்த் தட்டினால் மற்றது யாரென்று கேட்கும். தன் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும். தம்பி கோபத்தில் அமைத்தானே, பெயர் எழுத வேண்டிய இடத்தை நிரப்ப மறந்துவிட்டான். அவன் சர்வர் போய்த் தட்டி, 'லோக்கல்ஹோஸ்ட்' என்றது. உலகத்தில் உள்ள ஒவ்வொரு கணினியும் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் பெயர் அது. நம் பேச்சில் சொன்னால், நான்தான். அந்தப் பக்கத்து இயந்திரத்துக்குக் குரல் தெரியாது. பிறகு வா என்றது. இவன் சர்வர் மறுபடி போய் நின்றது, தட்டியது, மறுபடி நான்தான் என்றது. அம்மாவின் கடிதம் பீரோவைவிட்டே இறங்கவில்லை.

சர்வர் குறித்துவைத்த வரிகளைப் படித்தபோது தம்பிக்கு இது விளங்கியது. திருத்த ஒரு வரி போதும். அவன் திருத்தவில்லை.

"நம்பற மாதிரி இல்லயே. இவ்வளவு வேலை தெரிஞ்சவன், ஒரு வரியை மாத்தாம உக்காந்திருப்பானா?" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கும் அவன்மேல் முதலில் சந்தேகம்தான். பிறகு புரிந்தது. கோளாறு இருக்கும்வரை அக்காவின் மௌனத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டால் அந்த மௌனம் அக்காவுடையதாகிவிடும். அதை அவனால் தாங்க முடியாது. என்னாலும்தான்.

"அந்த மெக்கானிக்கையே கேட்டுடேன், மீதி என்னன்னு. நம்பர் உன்கிட்டதானே இருக்கு?"

இருக்கிறது. கைபேசியில் சார்ஜ் இல்லை என்றேன். அவர் தம்பியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

கடைசியில் அவனைத் திருத்தவைத்தது நானல்ல, அம்மா. ஒரு மதியம், பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "என் பேரைப் பாத்ததும் குப்பைல போட்டிருப்பாடா. உன் பேர்ல அனுப்பியிருக்கணும்" என்றாள்.

அவன் எழுந்து போய் அந்த வரியை நிரப்பினான். சர்வர் மறுபடி போய்த் தட்டியது, முழுப்பெயரைச் சொன்னது. இந்த முறை அந்தப் பக்கத்து இயந்திரம் மரியாதையாகப் பேசியது.

6

முடிவுகள்.

அக்காவின் பதில் வருகிறது. "அம்மா, நான் இனிமே" (முடியவில்லை. இந்த வாக்கியத்தோடு நான் பல நாளாக மல்லுக்கட்டுகிறேன். எந்தச் சொல்லைப் போட்டாலும் பொய்யாக இருக்கிறது.)

வாசல்மணி அடிக்கிறது. "யாரு?" "நான்தான்." (எழுதினேன், அழுதேன், அழித்தேன். உங்களை அவ்வளவு மலிவாக ஏமாற்ற எனக்கு உரிமை இல்லை.)

உண்மையில் ஒரு சர்வர் செய்யக்கூடியது இதுதான். அம்மா 'புதுப்பி'யை அழுத்துகிறாள். காலியாகவே கிடந்த பெட்டியில் முதல்முறையாக ஒரு வரி, தடித்த எழுத்தில்.

"டேய்! வந்துடுச்சுடா!"

தம்பி ஓடிவருகிறான். அதற்குள் அவளே திறந்துவிட்டாள். மேலே ஆங்கிலத்தில் நாலு வரி. கீழே தமிழ்.

"பாரேன், நான் எழுதினதையே எழுத்து மாறாம திருப்பி எழுதியிருக்கா. சாப்பிட்டியாங்கறா. மனசுல வச்சுக்காதேங்கறா. சின்ன வயசுலயும் இப்படித்தான்டா, நான் சொல்றதை அப்படியே சொல்லிக் கேலி பண்ணுவா." அம்மா சிரிக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். "மேல ஏதோ இங்கிலீஷ்ல போட்டிருக்கா. அது என்னன்னு வாசி."

அந்த நாலு வரியை எழுதியது இயந்திரம். நீங்கள் தேடும் இந்த முகவரியில் யாரும் இல்லை, உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்கிறது. அக்கா அந்தப் பெட்டியை மூடிவிட்டாள். பூட்டிப்போன அந்த மீதிப் பாதியில் புது முகவரி இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.

தம்பி வாயைத் திறக்கிறான். ஒருமுறை பொய் சொல்லி முடித்துவைத்தவன், இரண்டாவது முறை முடியாமல் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். என்னிடமும் ஒன்றும் இல்லை. நான் சுட்டது பாதிக் கதைதான், மீதியைக் கேட்கத் தைரியமில்லாதவள்.

அம்மா நாற்காலியைத் தள்ளிப்போட்டு உங்களுக்கு இடம் விடுகிறாள். வாசகர் என்று உங்களைத்தானே சொல்கிறார்கள்? கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் முகத்தையே பார்க்கிறாள்.

"சத்தமா வாசிங்க. எனக்குக் கொஞ்சம் காது மந்தம்."