ஐந்தரை மணி நேரம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை அகஸ்டினா முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க அது மறுபடி படிந்தது. உள்ளே அவள் கணவர் பிரான்சுவா, பணி ஓய்வு பெற்ற நாளில் அணிந்த சாம்பல் நிறக் கோட்டில், யாரோ பேசுவதை இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பவர்போலக் கிடந்தார். நேற்று மாலை நான்கு மணிக்குத் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தவர் அதை மறுபடி எடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

கொழுந்தன் ஜோசப் ஆனந்த் கைப்பேசியோடு வந்து அவளருகே குந்தினான். இரவெல்லாம் அலைந்ததில் அவன் கண்கள் சிவந்திருந்தன. செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னான். வங்கக் கடலின் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இன்று இரவு கரையேறுகிறது. மின்சாரம் போய்விட்டால் பெட்டி குளிராது. புதுச்சேரி உப்பளம் கல்லறையில் நாலடி தோண்டினாலே நீர் சுரக்கும். அடைமழை பிடித்துக்கொண்டால் குழி குளமாகிவிடும். நாளைக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்றைக்கே எடுத்தாக வேண்டும்.

"பங்குச் சாமியார்கிட்ட பேசிட்டேன் அண்ணி. மூணு மணிக்குப் பூசை. நாலரைக்குள்ள கல்லறை முடிஞ்சிடும். ஃபாத்திமாவும் ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடுவா."

மகளின் பெயர் காதில் விழுந்ததும் அகஸ்டினாவின் கை நின்றது. ஆறு ஆண்டுகள். பாரிசுக்குப் போன பெண், ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் வருகிறேன் என்று சொல்லி, ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் வராமல் போனவள், இப்போது சென்னைக்கு மேலே எங்கோ ஒரு விமானத்தில் அமர்ந்திருக்கிறாள். நேற்று தொலைபேசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நான் வர்ற வரைக்கும் பப்பாவ மூடிடாதீங்க மம்மா.

"எப்படி மூணு மணின்னு முடிவு பண்ண?" என்று கேட்டாள்.

"எல்லாம் அண்ணன் பார்க்கற வானிலை அட்டவணைதான்." ஜோசப் ஆனந்த் கைப்பேசியை நீட்டினான். அண்ணன் தினமும் திறக்கும் அதே பக்கத்தில் போய் எடுத்ததாகவும், அண்ணன் செய்வதுபோலவே குருசுக்குப்பத்து மீனவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பிவிட்டதாகவும் சொன்னான். அதைச் சொன்னபோது அவன் குரலில் சற்றே பெருமை இருந்தது. ஒருநாள்கூட நின்றதில்லையே, இன்றைக்கு மட்டும் எதற்கு நிற்க வேண்டும்?

அகஸ்டினா பார்த்தாள். பிறர் கண்ணுக்கு அது எறும்புப் புற்று. அவளுக்கோ வீட்டு அரிசிப் பானை. கண்புரை மறைத்த பிறகு பிரான்சுவாவுக்குக் காலைதோறும் அதைப் படித்துக் காட்டியவள் அவள்தான். மேல் வரிசையில் நேரம்: 03, 06, 09, 12, 15, 18, 21. அடுத்தது காற்று வரும் திசை, பாகையின் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு; நாற்பது பாகை என்றால் 04. அடுத்தது வேகம். அதற்கும் கீழே மேகம். கடைசி வரிசையில் மழை, ஒற்றை எண்ணில். சுழியம் என்றால் துளி இல்லை, ஐந்து என்றால் தெருவில் தோணி விடலாம்.

"பாருங்க, ஒம்போதுக்கு நாலு, பன்னெண்டுக்கு அஞ்சு, பதினஞ்சுக்கு ஒண்ணு. பதினஞ்சுன்னா மூணு மணி. அப்ப விடுது. அந்த இடைவெளியில எடுத்துட்டா ராத்திரி எப்படிக் கொட்டினா என்ன?"

அவள் தலையசைக்கத்தான் போனாள். ஆனால் பழகிய கண் தன் பாட்டுக்கு வாசலுக்குப் போயிற்று. பந்தலின் ஓரத் துணி தென்மேற்காக மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அப்படியானால் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. அட்டவணை மொழியில் 04, வேகம் எட்டு. அது 09 என்ற எண்ணின் கீழே இல்லை. அங்கே இருந்தது 07, வேகம் இருபத்தெட்டு. நாலும் எட்டும் இருந்தது 03 என்ற எண்ணின் கீழே. சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டரை.

அவள் கைப்பேசியை மறுபடி பார்த்தாள்.

உலகத்து வானிலை அலுவலகங்களெல்லாம் இங்கிலாந்தின் ஒரு கோட்டில் கடிகாரத்தை மாட்டி வைத்திருக்கின்றன. அந்தக் கோட்டில் மூன்று மணி என்றால் புதுச்சேரியில் எட்டரை. பிரான்சுவா நாள்தோறும் செய்த வேலை பெரிதாக ஒன்றுமில்லை. மேல் வரிசையில் ஐந்தரையைக் கூட்டி, நம் நேரத்தைப் பென்சிலால் எழுதி, அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்புவார். பதினோரு ஆண்டுகளாக உறவும் மீனவர்களும் கண்டது அந்தத் தாளைத்தான். அட்டவணை பிறக்கும்போதே நம் நேரத்தோடு பிறக்கிறது என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். ஜோசப் ஆனந்தும் அப்படித்தான். இன்று அவன் மூலத்தை அப்படியே எடுத்துவிட்டான்.

ஆகவே மழை ஒன்பதுக்கு இல்லை, இரண்டரைக்கு. உச்ச மழை பன்னிரண்டுக்கு இல்லை, மாலை ஐந்தரைக்கு. அவன் கண்ட இடைவெளி இரவு எட்டரையில் இருந்தது. மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினால் கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் வெள்ளம். வானம் வாய் மூடியிருப்பது இப்போதிலிருந்து இரண்டு மணி வரைதான்.

இதைச் சொன்னால் பதினொன்றுக்கே பூசை வைத்து விடுவார்கள். ஃபாத்திமா அப்போது கடற்கரைச் சாலையில் பாதி வழியில் இருப்பாள்.

அகஸ்டினா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மழையில் நனைந்தால் என்ன? நனைந்து போன சவ ஊர்வலம் ஊரில் இதுதான் முதலா? குழியில் நீர் நின்றால் இறைத்துக்கொள்ள மாட்டார்களா? தன் மகள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, இந்தக் கண்ணாடியின் மேல் குனிந்து பார்த்துவிட்டால் போதும்.

அவளுக்கு அந்தப் பழைய நாள் நினைவுக்கு வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஃபாத்திமா பாரிசுக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாளும் கடலில் ஒரு புயல்சின்னம் இருந்தது. அகஸ்டினா அடுப்படியிலிருந்து வந்து, விளையாட்டுப்போலக் கேட்டாள்: நாளைக்கு ஃபிளைட்டு போவாதுன்னு சொல்லேன். பிரான்சுவா அட்டவணையை இரண்டு முறை பார்த்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "போவும் அகஸ்டின்" என்றார். சற்று நேரம் கழித்து, "இதுல நம்ம ஆசைக்குன்னு ஒரு வரி போடல" என்றார். அன்று அவரும் சாப்பிடவில்லை.

மணி ஒன்பதாயிற்று. பந்தலில் இருந்தவர்கள் நாற்காலிகளை உள்ளே இழுத்துக்கொண்டு மழைக்குத் தயாரானார்கள். மழை வரவில்லை. ஒன்பதரையாயிற்று. வானம் ஈயத்தகடு கவிழ்த்தாற்போல இருந்ததே தவிர ஒரு துளி இல்லை. பக்கத்து வீட்டுக் கமலா சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, "பிரான்சுவா அண்ணன் அனுப்பியிருந்தா மழை டைமுக்கு வந்திருக்கும். தம்பி அனுப்பினா அதுக்கும் எளக்காரமாப் போச்சு" என்றாள். நான்கு பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று உடனே குவளைக்குள் பார்த்தார்கள். ஜோசப் ஆனந்தின் முகம் வாடிற்று.

ஃபாத்திமாவிடமிருந்து அழைப்பு வந்தது. விமானம் இறங்கிவிட்டது. கார் ஏறப் போகிறாள். எந்நேரமும் பேசுகிற பெண், ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன் மம்மா என்பதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டாள்.

பத்து மணிக்குக் குருசுக்குப்பத்திலிருந்து கண்ணையன் மாலையோடு வந்தார். ஐம்பது வயது, கடல் உப்பேறிய உடம்பு. பிரான்சுவாவின் காலடியில் மாலையை வைத்து, பெட்டியின் விளிம்பை இரு கையாலும் பற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு அகஸ்டினாவிடம் வந்து, அடக்கத்துக்குத் தங்கள் ஆட்களால் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"ஏன் கண்ணையா?"

"ஆறு ஃபைபர் படகு இன்னும் நங்கூரத்துல நிக்குதும்மா. கரையில அலைத் தடுப்புக்குக் கல்லுக் கொட்டிட்டாங்க, மேல இழுக்க எடம் இல்ல. ஹார்பருக்குத்தான் ஓட்டிக்கிட்டுப் போவணும். காலையிலயே கெளம்பியிருப்போம். ஒம்போதுக்கு மழையும் காத்தும்னு அய்யா மெசேஜு வந்துச்சு, நின்னுட்டோம்."

"இப்பதான் ஒண்ணும் இல்லையே" என்று ஜோசப் ஆனந்த் குறுக்கே கேட்டான்.

கண்ணையன் அவனைப் பாராமல் பெட்டியைப் பார்த்தபடி சொன்னார்: "வானத்தைப் பார்த்தா இல்லதான். ஆனா அய்யா தாளு பொய் சொல்லி நாங்க பாத்ததில்ல. மூணு மணிக்கு விடுதுன்னு போட்டிருக்கு. அப்பவே எறங்கறோம். படகுக்கு ரெண்டு பேரு."

கதையில் ஒரு சேவல் இருந்ததாம். அந்த ஊருக்கு அதன் குரல்தான் விடியல். ஒருநாள் அதன் பெடை ஆற்றுக்கு அக்கரையில் மேயப் போய்த் திரும்பவில்லை. பெடை வந்து சேரும்வரை விடியக் கூடாது என்று சேவல் அன்று கூவாமல் இருந்துவிட்டது. கிழக்கு அதனிடம் கேட்டுக்கொண்டா வெளுக்கிறது? பொழுது விடியத்தான் விடிந்தது. சேவல் கூவவில்லையே என்று ஆற்று மணலில் அயர்ந்து உறங்கியவர்களை மட்டும் வெள்ளம் வந்து எழுப்பிற்று. ஆறு படகு, பன்னிரண்டு பேர் என்று அகஸ்டினா எண்ணிப் பார்த்துவிட்டாள். எண்ணிய பிறகு எண்ணாதவள்போல இருக்க அவளால் முடியவில்லை.

"கண்ணையா, மூணு மணிக்கு எறங்காதீங்க" என்றாள். "இப்பவே போங்க. இந்த நிமிஷமே. ரெண்டு மணிக்குள்ள எல்லாரும் ஹார்பருக்குள்ள இருக்கணும்."

ஜோசப் ஆனந்த் திகைத்தான். அவள் அவன் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி, மேல் வரிசையில் விரலை வைத்தாள். "இது நம்ம நேரம் இல்ல தம்பி. அஞ்சரை கூட்டணும். உங்க அண்ணன் தினமும் கூட்டித்தான் எழுதுவாரு. மழை ரெண்டரைக்கு."

கண்ணையன் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே தெருவில் ஓடினார். அவர் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

ஜோசப் ஆனந்த் கைப்பேசியையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். கணக்கு அவனுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருந்ததும் மெல்லப் புரிந்தது.

"அண்ணி, அப்ப ஃபாத்திமா?"

"தெரியும்."

"காலையிலேயே தெரியுமா..."

"தெரியும் தம்பி. சாமியாருக்கு ஃபோன் பண்ணு."

அவன் எழுந்து போகும்போது அவள் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனான்.

பதினொன்றரைக்குக் கோயிலில் பூசை நடந்தது. மூடுவதற்கு முன் ஜோசப் ஆனந்த் ஃபாத்திமாவை வீடியோவில் அழைத்தான். மரக்காணத்து உப்பளங்கள் அவள் முகத்துக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தன. அகஸ்டினா கைப்பேசியைக் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். மகள் குனிந்து பார்த்தாள். திரைக்குள் குனிவதற்கு என்ன இருக்கிறது? இருந்தும் குனிந்தாள். பப்பா என்றாள். அதே முகத்தோடு படம் உறைந்தது. பிறகு சுற்றுகிற வட்டம் மட்டும் சுற்றியது. மூன்று முறை முயன்றார்கள். சாமியார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் செபப் புத்தகத்தைத் திறந்தார்.

ஒன்றே காலுக்கு மண் போட்டு முடிந்தது. காய்ந்த மண்ணாகவே விழுந்தது. வந்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே விரைந்து கலைந்தார்கள். அகஸ்டினா வீட்டுக்குப் போகவில்லை. அழைத்தவர்களிடமெல்லாம் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கல்லறையின் மேடையில் உட்கார்ந்துகொண்டாள். ஜோசப் ஆனந்த் வெளிவாசலில் போய் நின்றான். அங்கிருந்து கைப்பேசியை உயர்த்திக் காட்டி, ஆறு படகும் துறைமுகத்துக்குள் வந்துவிட்டன என்று சொன்னான். அவள் தலையசைத்தாள்.

ஃபாத்திமாவின் கார் கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி எல்லையைக் கடந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது மணி ஒன்றே முக்கால். காற்று கிழக்குக்குத் திரும்பியிருந்தது. அவளுக்கு அட்டவணை தேவைப்படவில்லை. காற்றின் திசை 05-இலிருந்து 06, 06-இலிருந்து 07. மழைக்குப் பத்து நிமிடமாவது முந்தி வா, பெண்ணே, என்று அவள் யாரிடமோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு இருபதுக்கு ஒரு வெள்ளை கார் வந்து நின்றது. இறங்கியவளை அகஸ்டினாவுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. முடியை வெட்டியிருந்தாள், இளைத்திருந்தாள், நடை மட்டும் அப்பாவுடையது. ஜோசப் ஆனந்த் குடையை நீட்டினான். அவள் வாங்கவில்லை. நடைபாதை ஓரத்தில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு நேராக வந்து, மேட்டின் அருகே நின்றாள்.

"நான் சொல்லித்தான் சீக்கிரம் எடுத்தாங்க" என்றாள் எழுந்து வந்த அகஸ்டினா.

"சித்தப்பா சொன்னாரு மம்மா."

"உனக்காக வெச்சிருந்திருக்கலாம்."

ஃபாத்திமா குனிந்து மண்ணைத் தொட்டாள். பிறகு, "ஆறு வருஷம் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரே, நான்தான் வரல" என்றாள்.

இருவருக்கும் இடையே ஒரு கை அகலம் இருந்தது. யார் முதலில் நகர்ந்தார்கள் என்பது தெரியவில்லை. முதல் துளி மேட்டின் மேல் விழுந்து ஒரு சிறு குழி இட்டது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எண்ண முடியாமல் போயிற்று. கல்லறைக் காவல்காரர் சாக்கு ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காற்றில் அடித்துக்கொண்ட இரும்புக் கதவை முதுகு கொடுத்துப் பிடித்தபடி நின்றார். அவர்களைக் கூப்பிடவில்லை.