நைஸ் என்ற சொல்லுக்கு ஒரு சாட்சி

ஆறே காலுக்கு அலாரம் அடிக்கும். அணைப்பான். பல் தேய்ப்பான். வாளி நிறைவதற்குள் முகம் மழித்துவிடுவான். அடுப்பில் பாலை வைத்து, அது பொங்குவதற்குள் ஒரு சட்டையை எடுத்து, முன்பக்கமும் காலரும் மட்டும் இஸ்திரி போடுவான். முதுகுப் பக்கத்தை நாள் முழுக்கப் பார்க்கப்போவது நாற்காலிதான். நாற்காலி இதுவரை குறை சொன்னதில்லை. காபியை நின்றுகொண்டே குடிப்பான். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். ரொட்டி இருந்தால் இரண்டு துண்டு. இல்லையென்றால் இல்லை. ஏழு ஐம்பதுக்குக் கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான். எட்டே கால் பஸ். மனைவி போய்ப் பதினொரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இந்த வரிசையில் ஒரு நிமிடம் முன்பின் ஆனதில்லை.

வேலை ஓர் அகராதி அலுவலகத்தில். இரண்டாவது மாடி, கீழே பல் டாக்டர். தமிழர் பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு மட்டும் அங்கே ஓர் அகராதி தயாராகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, வழியில் என்னென்ன வேஷம் கட்டியது, நம் வாயில் விழுந்த பிறகு என்ன கதியானது என்று எழுத வேண்டும். கீழே யாருக்காவது பல் பிடுங்கும் நேரத்தில் மேலே ஏதாவது ஒரு சொல்லுக்கு வேர் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். சத்தம் வராது என்பதுதான் வித்தியாசம்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒரு பொருள் அச்சேற வேண்டுமானால் அதற்கு ஓர் அட்டை வேண்டும். யாரோ ஒருவர் நிஜமாகவே பேசிய வாக்கியம், சொன்னவர் யார், எங்கே, என்ன தேதி, எத்தனை மணி, எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும். மேஜையில் உட்கார்ந்து சொந்தமாகக் கட்டிய வாக்கியத்துக்கு அங்கே ‘சமையல்’ என்று பெயர். சமையலை மோப்பம் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை தலைமைப் பதிப்பாசிரியர் எழுதிய அட்டையையே, பஸ் கண்டக்டர் இவ்வளவு இலக்கணமாகப் பேசமாட்டார் என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குப் ‘போலீஸ்’ என்று பேர் விழுந்தது.

அன்றைக்குப் பக்கத்தை முடித்தே ஆக வேண்டும். சொல் ‘நைஸ்’.

லத்தீனில் பிறந்தபோது அதன் வேருக்கு ‘ஒன்றும் அறியாதவன்’ என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் காலெடுத்து வைத்தபோது முட்டாள் என்று அர்த்தம். அப்படியே இருந்திருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்பவன் ஆனது, பிறகு நுணுக்கமானவன், அப்படியே படியேறி, பதினெட்டாம் நூற்றாண்டில் ‘இனிமையானது’ என்ற நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது.

பக்கம் கட்டும் அக்கா இதைத் திரையில் படித்துவிட்டு, முட்டாளாகச் சேர்ந்து நல்ல பேர் வாங்கிய ஒரே ஆள் இதுதான், நம் ஆபீசில் எல்லாருக்கும் கதை தலைகீழ் என்றாள்.

தமிழுக்கு வந்தும் அது சும்மா இருக்கவில்லை. மேனேஜர் ரொம்ப நைஸ் டைப், திட்டினால்கூடச் சிரித்துக்கொண்டே திட்டுவார் என்று ஒரு குமாஸ்தா சொன்ன அட்டை இருந்தது. சுவரில் பூசிய பட்டியை நைஸாகத் தேய்த்தால்தான் பெயிண்ட் உட்காரும் என்று ஒரு பெயிண்டர் சொன்னது இருந்தது. அப்பாவை நைஸ் பண்ணி வண்டி வாங்கிக்கொண்டவளுக்கும் அட்டை இருந்தது. இல்லாதது நான்காவது: பிறர் கவனிக்காதபடி, ஓசைப்படாமல். மூன்று வாரமாகக் காதைத் தீட்டிக்கொண்டு பஸ்ஸிலும் டீக்கடையிலும் திரிந்தான். ஊரில் எல்லாரும் நைஸாக நழுவிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அக்கா பொறுமை இழந்து தானே ஒன்று கட்டினாள். “‘அவன் நைஸா நழுவிட்டான்.’ போதாதா?”

“யாரு அவன்? எங்கேர்ந்து நழுவினான்?”

“நழுவினவன்கிட்ட அட்ரஸ் வாங்கியா வெச்சுப்பாங்க? போலீஸ் தம்பி, மூணு மணிக்குப் பக்கம் போகணும். அட்டை குடு, இல்லேன்னா நாலாவதை வெட்டிடறேன்.”

அட்டை எழுத அவனிடம் ஒரு வாக்கியம் இருந்தது. சமையல் இல்லை. காதால் கேட்டது. சொன்னது அவன் மனைவி. அவள் பேசிய கடைசி வாக்கியம் அது. அதை எழுதினால் தேதியும் நேரமும் போட வேண்டும். போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஏனென்றால் போலீஸ் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சமைத்திருந்தான். சாதாரணக் காய்ச்சல் என்று சேர்த்த மூன்றாம் நாள், பிற்பகல் மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாமியார் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டாள். அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே அம்மாவும் மகளும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். கடையை மூடிவிட்டு எங்களோடு வந்து இரு என்று மகள் சொல்ல, உன் வீட்டில் சோபா மாதிரி உட்கார்ந்திருக்க முடியாது என்று அம்மா சொல்ல, இரண்டு பேருக்கும் மூக்கு நுனியில் கோபம். சமாதானம் ஆவதற்கு நாள் இல்லாமல் போய்விட்டது. அவனுக்கு வாயில் வந்தது: அம்மாவைப் பத்திரமா பார்த்துக்கோன்னு சொன்னா.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மாமியார் எழுந்து நின்றாள். துக்கம் கேட்க வந்த அலுவலகத்துக்காரர்கள் உட்பட எல்லாரிடமும் சொன்னாள். இன்று காலை பதினொரு மணிக்கு அவன் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். முதலாண்டு நினைவு விளம்பரம். மகளின் படம், அதற்குக் கீழே மேற்கோள் குறிக்குள்: ‘அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.’ மகள் புருஷனை நீ, வா, போ என்று பேசியது ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று மரியாதையும் சேர்த்துத் தைத்திருந்தாள். நாலு மணிக்குள் பத்திரிகைக்குச் சொல்ல வேண்டும், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவன் மாமியாரின் கடைக்குப் போனான். துணி அளவு சரிசெய்யும் கடை. ஒரு மெஷின், ஆணிகளில் தொங்கும் பேன்ட்டுகள், வாடிக்கையாளர் உட்கார ஒரு ஸ்டூல். அவன் திரும்பி ஸ்டூலை இழுத்தபோது அவளுக்கு அவன் முதுகு தெரிந்தது.

“வாங்க மாப்பிள்ளை. சட்டை முன்னாடி ஆபீசுக்குப் போகுது, பின்னாடி குப்பை கொட்டப் போகுது போலிருக்கே. கழட்டிக் குடுங்க, ரெண்டு நிமிஷம்.”

வேண்டாம் என்றான். அவள் ஒரு பேன்ட்டின் காலை மடித்துத் தைத்துக்கொண்டே, விளம்பரத்தைக் காலையிலிருந்து மூன்று வாடிக்கையாளர்களுக்குக் காட்டியதையும், அதில் ஒருத்தி அழுதே விட்டதையும் சொன்னாள். பிழை ஏதாவது கண்ணில் பட்டதா என்று கேட்டாள்.

“எழுத்துப் பிழை இல்ல அத்தை.”

“பின்ன?”

“அந்த வரி நான் சொன்னது. அவ சொல்லல.”

மெஷின் நின்றது. அன்றைக்குத் தாழ்வாரத்தில் நடந்ததை அவன் சொன்னான். நீங்கள் கேட்டீர்கள், ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, கட்டிவிட்டேன் என்றான். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டான். அவள் ஊசியிலிருந்து நூலை உருவினாள். திரும்பவும் கோத்தாள். நூல் அறுந்திருக்கவே இல்லை.

“அப்போ என் மேல கோபத்தோடதான் போனாளா?”

இதற்கு ஒரு பதில் சமைக்க அவனுக்கு இரண்டு நொடி போதும். வாய் வரைக்கும் வந்தது.

“தெரியல அத்தை. அன்னைக்கு உங்க பேச்சே வரல.”

அவள் தலையை ஆட்டினாள். “ஒரு வருஷமா அந்த வரியை வெச்சுத்தான் தூங்கறேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சவர் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே.”

“அச்சுக்குப் போகுது. அவ பேர்ல போகுது.”

“போலீஸ்னு சும்மாவா பேர் வெச்சாங்க.” சிரிப்பா இல்லையா என்று தெரியாத ஒரு சத்தம் அவள் மூக்கு வழியாக வந்தது. பிறகு மடித்த பேன்ட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். “எனக்கும் ஒரு மூலைல உறுத்திக்கிட்டுதான் இருந்துது மாப்பிள்ளை. துணி நல்ல துணி. அளவுதான் அவளோடது இல்ல. பத்திரமா, கித்திரமான்னெல்லாம் அவ எப்பப் பேசினா? ‘கிழவி எங்கேயாவது விழுந்து வெச்சா தூக்கி விடு’ன்னு சொன்னான்னு சொல்லியிருந்தீங்கன்னா சந்தேகமே வந்திருக்காது.”

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதினொரு மாதத்தில் முதல் தடவை என்று சொல்ல முடியாது. போன மாதம் பல் டாக்டர் வாசலில் ஒரு தடவை சிரித்திருக்கிறான். ஆனால் இது கொஞ்சம் நீண்டது.

பத்திரிகைக்காரருக்குப் போன் போட்டு அந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள். இடம் காலியாகத் தெரியுமே என்று அவர் கேட்டிருக்க வேண்டும், தெரியட்டும் என்றாள். போனை வைத்துவிட்டு ஸ்டூலுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“இப்போ உள்ளதைச் சொல்லுங்க. என்ன சொன்னா? விளம்பரத்துக்கு இல்ல. எனக்கு.”

“அதுல ஒண்ணுமே இல்ல அத்தை.”

“அந்த ஒண்ணுமில்லாததையே சொல்லுங்க. ஒட்டுப் போடாம.”

அவன் அட்டை எழுதுகிற மாதிரியே சொன்னான். பகல் பன்னிரண்டு நாற்பது. மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். இடது கையில் டிரிப்ஸ். காய்ச்சல் காலையிலிருந்து குறைந்திருந்தது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து அவன் நாற்காலியை நகர்த்தாமல் எழுந்தான். சுவரோரம் ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தான். செருப்புச் சத்தம் கேட்காமல் கதவுப் பக்கம் இரண்டடி வைத்தான். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

“என் சார்ஜரை நைஸா எடுத்துக்கிட்டா போறே? வெச்சுட்டுப் போ.”