ஏழு பேருக்கு ஒரே ஜோடி

கிரிம்லே ஊர் லிபரல் கட்சி அலுவலகத்தில் ஹெஸ்டர் கிராப்பருக்கு டைப் அடிக்கும் வேலை, அதுவும் தற்காலிகம்தான். கட்சி ஜெயித்தால் நிரந்தரம் என்று ஏஜென்ட் டாட்டர்சால் சொல்லியிருந்தார். தோற்றால் அம்மாவும் அக்காவும் நிற்கிற பஞ்சாலைத் தறிக்கே அவளும் போக வேண்டும், லண்டன் பல்கலைக்கழகத்து பி.ஏ. பட்டத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

அதே பட்டத்தை வாங்கிய ஆம்பிளைகளுக்குச் சொந்த ஊர் ஓட்டு போக, பல்கலைக்கழகத் தொகுதியில் இன்னொரு ஓட்டும் உண்டு. பெண் என்பதால் ஹெஸ்டருக்கு முதல் ஓட்டே கிடையாது.

தேர்தலுக்கு முந்தின நாள், மழையும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தபோது, மாட்டுக்குடல் வாங்க என்ட்விசிலின் கறிக்கடைக்குப் போனாள். என்ட்விசில் தாத்தா காலத்திலிருந்தே எதிர்க்கட்சி, அதாவது டோரி.

"நாளைக்கு இந்த ஈரத்துல ஓட்டுப் போட எவன் போய் நிக்கறது? கடையை யாரு பாக்கறது?" என்று முனகினார்.

எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் கைகுலுக்கி, ரெண்டு பேரும் ஓட்டுப் போடுவதில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவது அந்த ஊரில் சகஜம். ஜோடி போடுவது என்பார்கள்.

"என்னோட ஜோடி போட்டுக்கோங்க," என்றாள் ஹெஸ்டர். "நீங்க போட வேணாம். நானும் போட மாட்டேன்."

என்ட்விசில் யோசித்தார். படித்தவர்களுக்குத் தனி ஓட்டு என்கிறார்களே, இவள் லண்டன் பரீட்சையே பாஸ் செய்தவள், இல்லாமலா இருக்கும்? ஏப்ரனில் கையைத் துடைத்துக் குலுக்கினார்.

தனக்கு ஓட்டே இல்லையே என்று தெருமுனை வரை அவளுக்கு ஆத்திரம். முனை திரும்பியதும் ஆசை. இல்லாத ஓட்டை எத்தனை பேருக்காக வேண்டுமானாலும் போடாமல் இருக்கலாமே. சாயங்காலத்துக்குள் முடிவெட்டுகிறவர், சவப்பெட்டி செய்கிற ஹார்கிரீவ்ஸ், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர் என்று ஏழு டோரிகள் அவளோடு கைகுலுக்கியிருந்தார்கள்.

லிபரல் நாலே நாலு ஓட்டில் ஜெயித்தது.

முடிவு வந்த அன்று மாலையே கிளப்பில் ஹார்கிரீவ்ஸ், தான் ஒரு லிபரல் ஓட்டைச் சாகடித்த பெருமையை அளந்தார். நானும் அதே பெண்ணோடுதான் என்றார் பக்கத்து நாற்காலி. மறுநாள் காலை ஏழு பேரும் கட்சி அலுவலகத்தில் நின்றார்கள்.

"ஒருத்தி, ஏழு ஜோடி! இது அடுக்குமா?" என்றார் ஹார்கிரீவ்ஸ்.

"நான் வாக்குத் தவறலையே. ஏழு பேருக்காகவும்தான் ஓட்டுப் போடாம இருந்தேன்."

"கோர்ட்டுக்குப் போறோம். தேர்தலே செல்லாதுன்னு எழுதிக் குடுக்கறோம்," என்றார் என்ட்விசில்.

டாட்டர்சாலுக்கு வேர்த்தது. "அட, பொம்பளைக்கு ஏதுய்யா ஓட்டு? ஓட்டே இல்லாதவளோட போட்டது ஜோடியே இல்ல. நீங்க தாராளமா போய்ப் போட்டிருக்கலாமே."



"அப்ப நாமதான் முட்டாளா?" என்றார் முடிவெட்டுகிறவர்.

"நீ வேணா இருந்துக்கோ," என்றார் என்ட்விசில். "இவளுக்கு ஓட்டு இருந்துச்சு. இல்லாத ஒண்ணுக்கு நான் கை குடுப்பேனா?"

பெண்களுக்கு ஓட்டு கேட்ட கூட்டத்தில் போன மாதம்தான் மீன் தலை எறிந்தவர் அவர்.

"இருந்தாலும் ஒண்ணுதானே இருந்திருக்கும்," என்றார் ஆர்கன்காரர். "உன் ஜோடி சரி. மிச்ச ஆறு பேர்?"

என்ட்விசில் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "ஏழு இருந்துச்சு."

"ஏழா?"

"லண்டன் படிப்புய்யா. உனக்கென்ன தெரியும்?"

ஆறு பேருக்கும் அது ஞாயமாகவே பட்டது. காகிதம் கேட்டு வாங்கினார்கள். மிஸ் கிராப்பருக்கு ஏழு ஓட்டுகள் இருந்தன, ஒன்றைக்கூடப் போடாமல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், ஆகவே யாரும் ஏமாறவில்லை என்று எழுதி, ஏழு பேரும் கையெழுத்துப் போட்டு, அவளிடம் கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியே போனார்கள்.

டாட்டர்சால் நாற்காலியில் சரிந்தார். "தப்பிச்சோம். அந்தக் கருமத்தைக் கொளுத்திடும்மா. பொம்பளைக்கு ஏழு ஓட்டுன்னு நம்ம ஆபீஸ்ல எழுதினது மேலிடத்துக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"உங்க வேலை," என்றாள் ஹெஸ்டர். "என் வேலை?"

"பாக்கலாம். மேலே கேக்கணும்."

"கேளுங்க ஐயா. நீங்க கேக்கறப்ப நானும் வந்து இதைக் காட்டறேன்."

காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். அங்கே கை விட டாட்டர்சாலுக்கு ஏது தைரியம். அவள் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து, தன்னை நிரந்தரமாக்கும் உத்தரவைத் தானே அடித்து, உருவி, பேனாவோடு அவர் முன் வைத்தாள்.

அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.