கால் ராத்தல் இறைச்சி

15-11-1928, வியாழன். இன்று ஒரு சிறு தவறு. எட்டுப் பையன்களுக்கு ஆளுக்கு இரண்டு வீதம் பதினாறு உருளைக்கிழங்கு வாங்க வேண்டும். பதினான்குதான் வாங்கியிருக்கிறேன். பாசார்க் கடையில் எண்ணும்போது யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுதலாம். யாரும் கூப்பிடவில்லை. நாளை இன்னும் இரண்டு வாங்க வேண்டும்.

அய்யாவு தினமும் இப்படித்தான் எழுதுவான். வயது இருபத்தொன்று. ரயில்வே சாமான் கிடங்கில் கடைசிப் படி குமாஸ்தா. வாரத்தில் மூன்று மாலை பிரிக்பீல்ட்ஸ் இரவுப் பள்ளியில் வணிகக் கடிதமும் கணக்குப் பதிவும் படித்தான். தன் தவறுகளைத் தேதி போட்டு எழுதிவைத்தால் அவை குறையும் என்று நம்பினான். இரண்டு வருஷத்தில் ஒன்றும் குறையவில்லை. கையெழுத்து மட்டும் நன்றாகியிருந்தது.

சனிக்கிழமைதோறும் அவன் சாரணர் படைக்குப் போனான். சம்பளமில்லாத வேலை. முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பது, பையன்களைத் தலையெண்ணுவது, ஊதல் ஊதுவது, கூடாரத்தைக் காயவைப்பது எல்லாம் அவன்தான். ஸ்கௌட் மாஸ்டர் என்ற பெயர் மட்டும் முத்துக்குமாருவுக்கு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. அவருடைய காக்கி அரைக்கால்சட்டைக்குப் போடும் கஞ்சியில் ஒரு குடும்பம் பசியாறலாம். தொப்பியைத் தனிப் பெட்டியில் வைத்திருந்தார். படம் பிடிக்கிறவரோ வெள்ளைக்காரரோ வந்தால் மட்டும் அது வெளியே வரும். இரண்டு வருஷத்தில் அவர் ஒரு முடிச்சுப் போட்டு அய்யாவு பார்த்ததில்லை. அவருடைய காலணிக் கயிற்றையே வேலைக்காரன்தான் கட்டினான்.

இந்த மனிதரை அய்யாவு மனசார இகழ்ந்தான். அதை நோட்டில் எழுதவில்லை. எழுதினால் ஒரு காரியத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். அவருடைய தயவு அவனுக்கு வேண்டியிருந்தது.

உதவி ஸ்கௌட் மாஸ்டராக அவனுக்கு நியமனப் பத்திரம் வரவேண்டும். அதில் சாரணர் கமிஷனர் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு முத்துக்குமாரு சிபாரிசு செய்ய வேண்டும். பத்திரம் இல்லாதவன் பையன்களை எங்கும் தனியாக அழைத்துப் போக முடியாது. ஜனவரியில் நடக்கும் பேரணியில் தலைவர்களோடு வரிசையில் நிற்க முடியாது. போன பேரணியில் அவன் கயிறு பிடித்துக்கொண்டு கூட்டத்தைத் தடுத்து நின்றான். தண்டவாளக் கூலியான அவன் அப்பா மகனைப் பார்க்க வந்து, அதே கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். “நீ எப்போ உள்ள போவ?” என்று கேட்டார். அவர் வேண்டுமென்று கேட்கவில்லை.

பத்திரம் இந்தச் சனிக்கிழமை கையெழுத்தாகும் என்று முத்துக்குமாரு சொல்லியிருந்தார். அன்று கிள்ளானில், ஆற்றங்கரைத் தென்னந்தோப்பில், எட்டுப் பையன்களுக்கு இரண்டாம் வகுப்புச் சாரணர் தேர்வு. புத்தகத்தில் உள்ளபடி, இரண்டே தீக்குச்சியில் திறந்த வெளியில் தீ மூட்ட வேண்டும். கால் ராத்தல் இறைச்சியையும் இரண்டு உருளைக்கிழங்கையும் ஒரே தகரக் குவளையில் சமைக்க வேண்டும். கமிஷனர் துரை நேரில் வந்து தின்று பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை மாலை, விட்டுப்போன இரண்டு கிழங்கையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அய்யாவு முத்துக்குமாருவின் குவார்ட்டர்ஸுக்குப் போனான். உள்ளே அவர் மனைவி குணேஸ்வரியின் குரல் கேட்டது.

“நாளைக்கு என்ன நாள் எண்டு தெரியுமோ உங்களுக்கு?”

“சனிக்கிழமை.”

“கந்த சஷ்டி. அஞ்சாம் நாள். நீங்கள் பாலும் பழமுமா இருந்துகொண்டு, ஊரார் வீட்டுப் பொடியளை ஆட்டிறைச்சி காய்ச்ச வைக்கப் போறியள். அஞ்சு தாய்மார் என்னட்டை வந்து கேட்டிட்டினம்.”

முத்துக்குமாரு வாயிலுக்கு வந்தார். நெற்றி நிறைய திருநீறு. ஆறு நாள் விரதத்தில் இருக்கிற மனிதர், அலுவலக நாட்காட்டியில் ஆங்கிலத் தேதியைப் பார்த்துக் கமிஷனருக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுச் சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தை அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

“கமிஷனர்கிட்ட சொல்லிடலாமே சார்,” என்றான் அய்யாவு. “அடுத்த வாரம் வெச்சுக்கலாம்னு.”

“துரை தன்ர டயறியில எழுதியிட்டார். முருகனுக்காக அதை அழிப்பாரோ?”

“அப்ப காய்கறி...”

“புத்தகத்தில இறைச்சி எண்டுதான் கிடக்கு. நீர் புத்தகத்தை மாத்துவீரோ?” அவர் கொஞ்ச நேரம் வயிற்றைத் தடவினார். யோசிக்கிறார் என்று அர்த்தம். “கன்னையாவைக் கூப்பிடும். அவன் இஞ்ச சமைச்சு, கட்டிக்கொண்டு வரட்டும். அங்க டின்னில ஊத்திறதுதானே. பொடியள் தடியைப் போட்டுத் தூக்கினால் கை படாது. விரதமும் கெடாது, தேர்வும் கெடாது.”

“சார், இது தேர்வு.”

“உம்முடைய பத்திரமும் நாளைக்குத்தான் கையெழுத்தாகும்,” என்றார் முத்துக்குமாரு. “அது ஞாபகத்தில இருக்கட்டும்.”

அய்யாவு இரண்டு கிழங்கையும் மேசைமேல் வைத்துவிட்டுக் கன்னையாவைத் தேடிப் போனான்.

கன்னையா ரயில்வே என்ஜினியர் பங்களாவில் சமையற்காரர். பதினைந்து வருஷம் துரைமார்களுக்கு ஆக்கிப் போட்டவர். சனிக்கிழமை காலை இரண்டு ராத்தல் ஆட்டிறைச்சிக் குழம்பை அடுக்குச் சட்டியில் கொண்டுவந்தார். அதை எதில் வைத்து ரயிலில் ஏற்றுவது என்ற கேள்வி வந்தது. பஞ்சையும் கட்டுத் துணியையும் வெளியே எடுத்துவிட்டு, சிவப்புச் சிலுவை போட்ட முதலுதவிப் பெட்டியில் வைக்கச் சொன்னார் முத்துக்குமாரு. கிள்ளான் போவதற்குள் ரயில் பெட்டி முழுக்க மிளகு வாசனை. டிக்கெட் பரிசோதகர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிவப்புச் சிலுவையைப் பார்த்தார்.

“யாருக்கு ஒடம்பு சரியில்ல?”

“ஆட்டுக்கு,” என்றார் கன்னையா.

தோப்பில் முதல் நாள் மழை பெய்திருந்தது. பையன்கள் எட்டுப் பேரும் ஈர விறகை அடுக்கி ஆளுக்கு இரண்டு குச்சி கிழித்தார்கள். பிறகு ஆளுக்கு நான்கு. பிறகு தீப்பெட்டியையே கேட்டார்கள். புகை மட்டும் தாராளமாக வந்தது. இரண்டு வருஷமாக அய்யாவு தீ மூட்டுவதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருந்தான். படத்தில் அது நன்றாகவே எரிந்தது.

“என்னா தம்பி,” என்று கன்னையா குந்தி உட்கார்ந்தார். “இம்மாம் பெரிய தொப்பி, கழுத்துல துணி, இடுப்புல கத்தி. ஒருத்தனுக்கும் அடுப்பு ஊதத் தெரியலயே.”

“மழை அண்ணே.”

“மழையா. நீ ஊது பாக்கலாம்.”

அய்யாவு ஊதினான். சாம்பல் கண்ணில் விழுந்தது. கன்னையா அவனை ஒதுக்கிவிட்டுக் தேங்காய் நாரை உதறிப் போட்டு, போத்தலிலிருந்து மண்ணெண்ணெய் தெளித்து, ஒரே குச்சியில் எட்டு அடுப்பையும் பற்றவைத்தார். “பத்திரம் வாங்கப் போறியாமே. வாங்கிக்க. நான் ஊதிட்டேன்.”

குழம்பு எட்டுக் குவளையில் இறங்கியது. கிழங்கைத் தோலோடு வெட்டிப் போட்டார்கள். அது வேகுமுன்பே கமிஷனரின் கார் வந்துவிட்டது. கன்னையா சட்டியைத் தூக்கிக்கொண்டு தென்னை மரங்களுக்குப் பின்னால் போனார். முத்துக்குமாருவின் தொப்பி பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

கமிஷனர் நெட்டையான, வெயிலில் சிவந்த மனிதர். பையன்களோடு சாரணர் வழக்கப்படி இடது கையால் கைகுலுக்கினார். முதல் குவளையில் கரண்டியை விட்டார். ஒரு வாய். அப்புறம் இன்னொரு வாய். கன்னையாவுக்குத் துரைமார் நாக்கு தெரியும். மிளகாய் குறைவு, மிளகு தாராளம், தேங்காய்ப்பால் அளவு. எந்தப் பையனும் உப்பு மட்டும் வைத்துக்கொண்டு தகரக் குவளையில் இதைச் செய்ய முடியாது என்று ஒரு குழந்தைக்குத் தெரியும். கமிஷனருக்குத் தெரியவில்லை. கிழங்கைக் கடித்தபோது கடக்கென்று சத்தம் கேட்டது. அதை மரியாதையோடு இலைமேல் ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்த குவளைக்கு நகர்ந்தார். இவரிடம் கையெழுத்து வாங்கவா இரண்டு வருஷம் ஊதல் ஊதினோம் என்று அய்யாவுக்குத் தோன்றியது.

“இதை எப்படிச் செய்தாய்?” என்று அணித் தலைவன் ராதாகிருஷ்ணனை ஆங்கிலத்தில் கேட்டார்.

பதின்மூன்று வயது ராதாகிருஷ்ணன் கண்ணை இமைக்காமல், வெங்காயத்திலிருந்து கறிவேப்பிலை வரைக்கும் வரிசையாகச் சொன்னான். தன் அம்மா அடுப்படியில் சொல்வதை அப்படியே சொல்லியிருக்க வேண்டும்.

“யார் கற்றுக்கொடுத்தது?”

அவன் அய்யாவுவைக் காட்டினான். மற்ற ஏழு பேரும் குனிந்து சிரிப்பை அடக்கினார்கள்.

கமிஷனர் திரும்பினார். “நீயா? இதெல்லாம் பையன்கள் தாங்களே சமைத்ததா?” முகத்தில் சந்தேகமில்லை, உற்சாகம்தான் இருந்தது. பிறகு விளையாட்டாக ஒரு விரலை நீட்டி, “சாரணன் வாக்காக?” என்றார்.

முத்துக்குமாரு தொண்டையைச் செருமினார். அய்யாவு சாரணர் உறுதிமொழி எடுக்கும் முறையில் மூன்று விரலை உயர்த்தினான்.

“சாரணன் வாக்காக, ஐயா.”

பத்திரம் காரின் மூடிமேல் வைத்துக் கையெழுத்தாயிற்று. அய்யாவு என்று தட்டச்சில் பெயர், கீழே நீல மை. மை காயும்வரை கமிஷனரே அதை விசிறினார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். ஜனவரிப் பேரணியில் முக்கிய விருந்தினர் முப்பது பேருக்கு இதே எட்டுப் பையன்கள் இதையே சமைக்க வேண்டும், எல்லாரும் பார்க்கும்படி மேடைக்குப் பக்கத்தில். அய்யாவு முன்னால் நின்று நடத்த வேண்டும்.

திரும்பும் ரயிலில் முத்துக்குமாரு விரதக் களைப்பெல்லாம் மறந்து பேசினார்.

“ஒரு கூடாரம் போடுவம். கன்னையாவை உள்ளுக்கு வைப்பம். நீர் முன்னால நிண்டு கையை இப்பிடி இப்பிடி ஆட்டும். அவ்வளவு காணும்.”

“எனக்கும் தொப்பி குடுப்பீங்களா சார்?” என்றார் கன்னையா.

“உனக்கேன் தொப்பி. நீ உள்ளுக்கெல்லோ.” முத்துக்குமாரு அய்யாவுவின் தோளில் கை வைத்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. “உம்மைப் பயந்தாங்கொள்ளி எண்டு நினைச்சிருந்தன். கெட்டிக்காரன் நீர். இனி எங்கட ஆள்.”

அந்தக் கையை எடுத்துவிட அய்யாவுக்குத் தைரியம் வரவில்லை. கஞ்சி போட்ட அரைக்கால்சட்டையும் தன் பையிலிருந்த பத்திரமும் ஒரே பெட்டியில் மடித்து வைத்தவை போல இருந்தன. எந்த மனிதரை இரண்டு வருஷமாக மனசுக்குள் இகழ்ந்து வந்தானோ, அவர் அவனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

எதிர்ப் பலகையில் பையன்களுக்குள் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை.

“நான்தான்டா மொதல்ல ஒக்காந்தேன்.”

“பொய்.”

ராதாகிருஷ்ணன் மூன்று விரலைத் தூக்கினான். “சாரணன் வாக்காக, ஐயா,” என்றான், அய்யாவுவின் குரலிலேயே. எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவனும் அதைச் சொல்லிப் பார்த்தான். கன்னையா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். அய்யாவு ஊதலைக் கையில் எடுத்தான். எதற்காக ஊதுவது என்று தெரியாமல் திரும்பச் சட்டைப்பையில் போட்டான்.

வீட்டில் அப்பா பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கி, விளக்கருகே பிடித்து, படிக்கத் தெரியாமல், பெயர் எங்கே என்று கேட்டார். அய்யாவு விரலால் காட்டினான். அவர் அந்த இடத்தைத் தொடவில்லை. மை கெட்டுவிடும் என்று நினைத்திருக்கலாம். “இனிமே கயித்துக்கு உள்ளதானே?” என்றார்.

“சாப்பிடுங்கப்பா,” என்றான் அய்யாவு.

சாப்பிட்டபின் அவன் வகுப்பில் படித்த முறைப்படி கமிஷனருக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தான். ‘ஐயா, இன்றைய தேதியிட்ட தங்கள் பத்திரம் தொடர்பாக’ என்று தொடங்கியது. ஒரு பக்கம் ஆனதும் படித்தான். முத்துக்குமாருவைப் பற்றிப் பதினொரு வரி. விரதம், பஞ்சாங்கம், முதலுதவிப் பெட்டி எல்லாம் விவரமாக இருந்தன. தன்னைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி, அதுவும் ‘வற்புறுத்தப்பட்டதன் காரணமாக’ என்று. யாரும் அவன் விரலைப் பிடித்துத் தூக்கவில்லை. காகிதத்தைக் கிழித்தான். இரண்டாவது கடிதத்தில் அவரைப் பற்றி எட்டு வரி வந்தது. அதையும் கிழித்துவிட்டு நோட்டை எடுத்தான்.

17-11-1928, சனி. கமிஷனரிடம் பொய் சொன்னேன். சமைத்தது கன்னையா. தீ மூட்டியதும் அவர்தான். பையன்கள் எட்டுப் பேரும் தேறவில்லை. நானும் தேறவில்லை.

நாளை ஞாயிறு. காலை எட்டரை மணிக்குக் கமிஷனர் பங்களாவுக்குப் போக வேண்டும். கடிதம் வேண்டாம், நேரில் சொல்ல வேண்டும். என் பொய்யை முதலில் சொல்ல வேண்டும், முத்துக்குமாரு பெயர் அவர் கேட்டால் மட்டும். பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுதேர்வுக்கு நாள் கேட்க வேண்டும். போகுமுன் சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் காற்றடிக்க வேண்டும்.