மூன்று மாத முதுகுவலி

ரேடார் மெக்கானிக்கின் கைநடுக்கம் நின்று மூன்று வருஷம் ஆகிறது. படைத்தளத்தில் அவன் வேலை செய்யும் அறைக்குள் நுழையப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். சில வருஷங்களுக்கு ஒருமுறை ஆளைத் துருவித் துருவி விசாரித்துவிட்டுத்தான் அதைப் புதுப்பிப்பார்கள். அது போனால் வேலையும் போச்சு. ரேடாரைத் தவிர அவனுக்கு ஒரு மிக்சியைக்கூடக் கழற்றி மாட்டத் தெரியாது.

"குடின்னு வாயத் திறந்த, சீட்டு கிழிஞ்சிடும்," என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லியிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவருடைய அபிப்பிராயம். மெக்கானிக் அதை அப்படியே நம்பினான்.

அன்று காலை நடந்த விசாரணையில் கண்ணாடி போட்ட அதிகாரி சாவகாசமாகக் கேட்டார். "குடிப்பழக்கத்துக்காக எப்பவாவது சிகிச்சை எடுத்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"நடுவுல மூணு மாசம் லீவு போட்டிருக்கீங்களே?"

"முதுகுவலி சார்."

சொன்னதோடு விட்டானா? கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பைத் தேய்த்தும் காட்டினான். அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். தப்பித்தோம் என்று அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

மனைவி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"உங்க ஆபீஸ்லேர்ந்து விசாரிக்க ஒருத்தர் வந்துட்டு இப்பதான் போறாரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"குடிச்சது, மாடிப்படில விழுந்தது, மறுவாழ்வு மையத்துல மூணு மாசம் இருந்தது, இப்பவும் வாராவாரம் குடிய விட்டவங்க கூட்டத்துக்குப் போறது. ஒண்ணு விடல."

அவன் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன் இப்படி ஆயிட்டீங்க? அவருக்கு ரொம்ப சந்தோஷம். குடிய விட்டுட்டு நிலைச்சு நிக்கறவங்கள நாங்க ஒதுக்கறதில்லம்மா, மறைக்கறவங்களத்தான் நம்ப முடியாது, அப்படின்னாரு."

உயிரைக் கொடுத்து மீண்டு வந்தது ஒன்றுதான் அவனுக்காகப் பேசியிருக்கும். அதைப் போய் முதுகுவலி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். இரண்டு அதிகாரிகளும் சாயங்காலம் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவார்கள். நினைக்க நினைக்கப் பயமாக இருந்தது.

"நீங்களும் சொல்லியிருப்பீங்கல்ல?"

"சொன்னேன்."

யோசிப்பதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது. அது அவனுக்குப் பழகிய வேகம்தான்.

அவள் துணியைக் கீழே வைத்தாள். எதிரே வந்து, எம்பி நின்று, அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தாள். அவன் குடித்த காலத்தில் வாசலில் தினமும் நடந்த சோதனை அது. மையத்திலிருந்து திரும்பிய பிறகு ஒருநாள்கூட அவள் அதைச் செய்ததில்லை. அவன் அதிர்ந்துபோய் நின்றான்.

வாடை எதுவும் இல்லை.

"குடிக்கலயே," என்றாள் குழப்பமாக. "அப்புறம் ஏன் அதே மூஞ்சி?"

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அங்கயும் பொய்தான் சொல்லிட்டு வந்தேன்."

அவள் நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தாள்.

"முதல்ல நீங்க பொய் சொன்ன அதிகாரிக்குப் போன் போடுங்க," என்றாள். "எங்கிட்ட என்ன சொல்றதுன்னு அப்புறம் யோசிச்சுக்கலாம்."